காற்றின் மேல் போடும் பழி

திரையில் 'வெப்பம் 31' என்று வர வேண்டும். வருவதோ காலிக் கட்டங்களும் தலைகீழ்க் கேள்விக்குறிகளும் எந்த மொழியிலும் சேராத எழுத்துகளும். ப்ளூடூத் இணைந்துவிட்டது என்று செல்பேசி சத்தியம் செய்கிறது. மாட்யூலின் எல்இடி ஒழுங்காகச் சிமிட்டுகிறது. சென்சாரைத் தனியாகச் சோதித்தால் அதிலும் குறை இல்லை. ஆர்டுயினோ போர்டும் எச்.சி-05 ப்ளூடூத் மாட்யூலும் வைத்துக்கொண்டு எதையாவது செய்து பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள். பள்ளி மாணவர், பொறியியல் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்காரர், ஓய்வுபெற்ற பிறகு கை சும்மா இருக்காதவர் என்ற பேதமில்லை. நின்றதும் முதலில் சந்தேகப்படுவது காற்றை. செல்பேசியை மாட்யூலின் பக்கத்தில் கொண்டுவருவார்கள், வைஃபையை அணைப்பார்கள், மாட்யூலைத் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். சென்னைக்காரர் என்றால் ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு மாட்யூல் வாங்கிவருவதும் உண்டு. புதியதும் அதே குப்பையைக் கொட்டும்.

கண்ணுக்குத் தெரியாததன் மேல் பழி போடுவது எளிது. இந்த வழக்கில் காற்று பெரும்பாலும் நிரபராதி.

எச்.சி-05 பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைச்சல் போடுகின்றன. அது தெரிந்துதான் ப்ளூடூத்தை வடிவமைத்திருக்கிறார்கள். 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 தடங்கள். நொடிக்கு 1600 முறை தடம் விட்டுத் தடம் தாவுகிறது. நெரிசலான தடங்களை ஒதுக்கிவிட்டுத் தாவவும் அதற்குத் தெரியும். தரவைச் சுமந்து போகும் பொட்டலத்தோடு ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகிறது. பெறுகிற பக்கம் தானே கணக்கிட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் பொட்டலத்தை ஏற்காது. அனுப்பியவர் மறுபடியும் அனுப்ப வேண்டும். அதனால் தொடர்பு அறுந்துபோகலாம், தாமதமாகலாம். ஆனால் 'வெப்பம்' என்று காற்றில் ஏறியது குப்பையாக இறங்குவது மிக அரிது.

குப்பை சேருவது அதற்கு முன்னால். ஆர்டுயினோவுக்கும் மாட்யூலுக்கும் நடுவே, ஒரு விரல் நீளத்துக்கு ஓடும் ஜம்பர் வயரில். பத்து மீட்டர் காற்றுக்கு இத்தனை காவல் இருக்க, இந்தச் சில சென்டிமீட்டர் கம்பிக்கு ஒரு காவலும் இல்லை. சரிபார்ப்பு எண் கிடையாது, திரும்பக் கேட்கும் வழக்கம் கிடையாது. வந்தது வந்ததுதான்.

இது ஏன் இப்படி என்று பார்த்தால், தந்தி காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மாட்யூலுக்குத் தரவு போவது ஒற்றைக் கம்பியில். கூடவே நேரம் சொல்லும் இரண்டாவது கம்பி இல்லை. ஒன்று என்றால் 5 வோல்ட், சுழி என்றால் 0 வோல்ட். 5 வோல்ட் தொடர்ந்து நிற்கிறது என்றால் அது ஒரே ஒரு ஒன்றா, வரிசையாக எட்டு ஒன்றுகளா, அல்லது யாரும் எதுவும் சொல்லவில்லையா? கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிப்புகள் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம்; அவை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

1870-களில் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போடோ இதே சிக்கலைச் சந்தித்தார். (வேகத்தை 9600 பாட் என்று அளக்கிறோமே, அந்த அலகு அவர் பெயரில் வந்தது.) இரு ஊர்களிலும் சுழலும் இயந்திரங்களை எப்போதும் ஒரே கதியில் ஓட வைப்பது அவருடைய வழி. நினைத்தாலே கை வலிக்கிற வேலை. 1910-களில் சிகாகோவில் சார்ல்ஸ் க்ரம், அவர் மகன் ஹோவர்ட் க்ரம் இருவரும் அச்சடிக்கும் தந்தி இயந்திரங்களுக்கு வேறு வழி கண்டார்கள். நாள் முழுக்க இணைந்து ஓட வேண்டாம். ஒரு எழுத்து நீளத்துக்கு மட்டும் இணைந்து ஓடினால் போதும். எழுத்துக்கு முன் ஒரு தொடக்கத் துடிப்பு, அது பெறும் இயந்திரத்தின் அச்சைச் சுழல விடும். எழுத்து முடிந்ததும் ஒரு நிறுத்தத் துடிப்பு, அது அச்சைப் பிடித்து நிறுத்தும். அடுத்த எழுத்துக்கு எல்லாம் முதலிலிருந்து. 1960-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கார்டன் பெல் இந்த ஏற்பாட்டை மின்சுற்றாக்கினார். ஆர்டுயினோவின் ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா சிப்புக்குள் இன்றைக்கும் இருப்பது அதுவே. பேச்சில்லாத நேரத்திலும் தந்திக் கம்பியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். நின்றால் கம்பி அறுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த வழக்கம்கூட மாறவில்லை: சும்மா இருக்கும் சீரியல் கம்பி 'ஒன்று' நிலையில்தான் நிற்கும்.

கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் ஒருவர் கையை ஒருவர் பாராமல் தாளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். எடுப்பு மட்டும் காதில் விழுகிறது. அதற்குப் பிறகு அவரவர் காலப்பிரமாணம் அவரவருக்கு. பத்து எண்ணி முடிவதற்குள் அரை எண்ணிக்கை விலகாதவரை பிசகு வெளியே தெரியாது. அடுத்த எடுப்பில் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும்.

இதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 104 மைக்ரோநொடி. தொடக்க பிட் ஒன்று, தரவு பிட் எட்டு, நிறுத்த பிட் ஒன்று, ஆக ஒரு எழுத்துக்குப் பத்து. பெறும் சிப் தொடக்க பிட்டின் சரிவைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. பத்தாவது பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து ஒன்பதரை பிட் தூரம். அதற்குள் அரை பிட் விலகினால் கதை கெட்டது. அதாவது இரு கடிகாரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 5 சதவீதம் வரை வித்தியாசம் தாங்கும். உற்பத்தியாளரின் குறிப்பேடு 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. கைக்கடிகாரம் ஒரு நாளில் அரை மணி நேரம் பிந்தினால்கூட 2 சதவீதம்தான்! அவ்வளவு மட்டமான கடிகாரங்களை வைத்துக்கொண்டும் பிழையில்லாமல் பேச முடிகிறது என்பதுதான் க்ரம் குடும்பத்தின் சாதனை.

ஊனோவின் கடிகாரம் நொடிக்கு 1.6 கோடி முறை துடிக்கிறது. அதை முழு எண்ணால் வகுத்துத்தான் பாட் வேகம் கிடைக்கும். 9600 கேட்டால் 9615 கிடைக்கிறது, பிழை 0.2 சதவீதம், கவலையில்லை. 115200 கேட்டால் கிடைப்பது 117647. பிழை 2.1 சதவீதம். அந்த வேகத்தில் சிப் பயன்படுத்தும் இரட்டை வேக முறைக்குக் குறிப்பேடு சொல்லும் எல்லை 1.5 சதவீதம்தான். அப்படியானால் கணினியோடு 115200-ல் எப்படிப் பிசகில்லாமல் பேசுகிறது? அசல் ஊனோவில் யுஎஸ்பி வேலையைப் பார்க்கும் இன்னொரு சிப்பும் அதே இனம், அதே 16 மெகாஹெர்ட்ஸ். அதுவும் 117647-ல் ஓடுகிறது. இருவரும் ஒரே அளவு தப்புவதால் தப்பு தெரிவதில்லை. வேறு கடிகாரத்தோடு வரும் ப்ளூடூத் மாட்யூலிடம் அந்த ரகசிய உடன்பாடு கிடையாது. கணினியில் சரியாக வந்தது செல்பேசியில் தடுமாறினால் இதுவும் ஒரு காரணம்.

8051 சிப்பில் பாடம் படித்தவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திரமான படிகம் நினைவிருக்கும். ஏன் 11 இல்லை, 12 இல்லை என்று கேட்டுப் பதில் கிடைக்காமல் மனப்பாடம் செய்திருப்பார்கள். 115200-ஐ 96-ஆல் பெருக்கினால் 1,10,59,200. மிச்சமில்லாமல் வகுபட வேண்டும் என்பதற்காகவே அப்படி வெட்டிய படிகம் அது.

நடைமுறையில் 2 சதவீதத் தப்பைவிட நான்கு மடங்குத் தப்புதான் அதிகம். எச்.சி-05-க்கு இரண்டு முகங்கள். சாதாரணமாகத் தரவு கடத்தும்போது பெரும்பாலான மாட்யூல்கள் 9600-ல் பேசும். பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் அமைப்புகளை மாற்றும் ஏடி நிலைக்குப் போகும்; அப்போது வேகம் 38400, எல்இடி இரண்டு நொடிக்கொரு முறை சோம்பலாகச் சிமிட்டும். ஒரு முகத்தின் வேகத்தில் இன்னொரு முகத்திடம் பேசினால் குப்பைதான்.

அந்தக் குப்பையும் தாறுமாறானது அல்ல என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். 9600-ல் அனுப்பிய பெரிய 'ஏ' எழுத்தை 38400-ல் படித்தால் ஒவ்வொரு பிட்டும் நான்காகத் தெரியும். பென்சிலும் காகிதமும் போதும்: நான்கு சுழி, நான்கு ஒன்று, பிறகு இருபது சுழி என்று எழுதிக்கொண்டே போனால், பெறும் சிப் முதலில் எடுக்கும் எழுத்து சின்ன 'எக்ஸ்'. எப்போது அனுப்பினாலும் அதே எக்ஸ். ஆகவே குப்பையைப் பார்த்ததும் அழிக்காமல், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்க வேண்டும். ஒரே எழுத்துக்கு ஒரே குப்பை என்றால் வேகம் பொருந்தவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு குப்பை என்றால் வயரை, கிரவுண்டை, மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும் வித்தியாசம் இது.

கிரவுண்டில் சொல்ல அதிகமில்லை. இரண்டு போர்டுகளின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். தனித்தனி பேட்டரி வைப்பவர்கள் இதைத்தான் மறப்பார்கள். ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், வாய் காதுக்குப் போவது மாதிரி. பெயர் பார்த்து டிஎக்ஸை டிஎக்ஸோடு இணைத்தால் நிசப்தம். ஊனோவின் 0, 1 பின்களில் மாட்யூலைச் செருகிவிட்டு புரோகிராம் ஏற்ற முயன்றால் ஏறாது, ஏனென்றால் கணினியும் அதே பின்கள் வழியாகத்தான் பேசுகிறது.

வோல்ட்டேஜ் கொஞ்சம் சுவாரஸ்யமானது. மாட்யூலின் சிப் 3.3 வோல்ட்டில் பேசுகிறது, ஊனோ 5 வோல்ட்டில். ஏடிமெகா தன் மின்னழுத்தத்தில் 60 சதவீதம், அதாவது 3 வோல்ட்டைத் தாண்டினால் 'ஒன்று' என்று ஏற்றுக்கொள்ளும். அதனால் மாட்யூல் சொல்வது ஊனோவுக்கு மயிரிழையில் கேட்டுவிடுகிறது. எதிர்த்திசையில்தான் ஆபத்து: 3.3 வோல்ட் பின்னுக்குள் 5 வோல்ட் பாய்கிறது. மாட்யூல் உடனே சாகாமல் கொஞ்ச நாள் ஓடும் என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஊனோவின் டிஎக்ஸ் வழியில் ஒரு 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 5 வோல்ட் 3.33 ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டும் பேச்சு வருகிறது, மறுபக்கம் ஊமை என்றால் இந்த இடத்தைப் பார்க்கலாம்.

இத்தனை சந்தேகத்தையும் ஒரே அடியில் பாதியாக்க ஒரு வழி இருக்கிறது. மாட்யூலை ஆர்டுயினோவின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் வயர்களிலிருந்து கழற்றி, மின்சாரம் மட்டும் கொடுத்து, அதன் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு வயரால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். செல்பேசியில் சீரியல் டெர்மினல் ஆப்பைத் திறந்து எதையாவது தட்டினால், அது காற்றில் போய், மாட்யூலில் இறங்கி, அந்த வயரில் ஓடி, மறுபடி காற்றேறித் திரும்பி வர வேண்டும். வந்தால் காற்று, மாட்யூல், செல்பேசி மூன்றும் விடுதலை. இதில் ஒரு நுட்பம்: மாட்யூல் எந்த வேகத்துக்கு அமைந்திருந்தாலும் இந்தச் சோதனை தேறும். பேசுவதும் கேட்பதும் ஒரே கடிகாரம் அல்லவா? ஆகவே இதில் தேறி, ஆர்டுயினோவோடு சேர்த்ததும் குப்பை வந்தால், குற்றவாளி வேகம் அல்லது வயரிங். ஐபோன் வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம், எச்.சி-05 பயன்படுத்தும் பழைய சீரியல் முறைக்கு அது சாதாரண ஆப்களில் இடம் கொடுப்பதில்லை. அவர்களுக்கு எச்.எம்-10 போன்ற பி.எல்.இ. மாட்யூல் வேண்டும்.

ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு மல்டிமீட்டரே போதும். பெரிய 'யு' எழுத்தின் பிட்டுகள் தொடக்கம் முதல் நிறுத்தம் வரை 0, 1, 0, 1 என்று பிசகாமல் மாறி மாறி வரும். அதை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டு ஊனோவின் டிஎக்ஸ் பின்னை அளந்தால் மீட்டர் சுமார் 2.5 வோல்ட் காட்டும். 5 வோல்ட்டிலேயே நின்றால் சிப் பேசவே இல்லை. 0 என்றால் பின்னோ வயரோ தவறு.

எல்லாம் தேறியும் ஒரு தொல்லை மிஞ்சும். எழுத்துகள் சுத்தமாக வரும், ஆனால் 31 என்பது சில நேரம் 3 என்றும் 1 என்றும் தனித்தனியாக வந்து, திரையில் வெப்பம் 3 டிகிரி என்று காட்டும். ப்ளூடூத் எழுத்துகளைப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது என்று அதுதான் முடிவு செய்கிறது. ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் வரி முடிவுக் குறி வைத்து, அது வரும்வரை சேர்த்துவைத்துப் பிறகு படிப்பது நம் பொறுப்பு. எதிர்த்திசையில், செல்பேசியிலிருந்து வருவதை ஊனோ சேர்த்துவைக்கும் இடமும் சிறியது: 64 எழுத்து. 9600 வேகத்தில் அது நிரம்ப 67 மில்லிநொடி போதும். புரோகிராமின் நடுவே ஒரு நொடி தூங்கச் சொல்லியிருந்தால், விழிப்பதற்குள் மீதியெல்லாம் வழிந்து போயிருக்கும்.

கம்பிக்குக் காவல் இல்லை என்றால் நாமே வைத்துக்கொள்ளலாம். கப்பல் கருவிகளுக்காக 1983-ல் வந்த என்எம்இஏ 0183 தரம் அதைத்தான் செய்தது. இன்று கடையில் கிடைக்கும் ஜிபிஎஸ் மாட்யூலும் அதன்படிதான் பேசுகிறது: டாலர் குறியோடு வரி தொடங்கும், தரவு வரும், ஒரு நட்சத்திரக் குறி வரும், அதன் பின் இரண்டு எழுத்தில் சரிபார்ப்பு எண். நடுவில் உள்ள எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எக்ஸார் செய்தால் அந்த எண் கிடைக்கும். ஆர்டுயினோவில் நான்கைந்து வரி வேலை. வெப்பமானிக்கும் அதையே செய்யலாம். கணக்கு ஒத்துவராத வரியைத் தூக்கி எறிந்துவிடலாம். வினாடிக்கொரு முறை அளந்து அனுப்பும் கருவியில் அடுத்த வரி உடனே வந்துவிடும்.