மலை இறங்குமுன் முள்ளைச் சரிபாருங்கள்!

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி செல்வோர் கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். திரும்பி இறங்கும்போது பிரேக் சூடேறாமலிருக்கத் தாழ்ந்த கியரே துணை. அப்போது என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது டாக்கோமீட்டர்.

பழைய பெட்ரோல் அம்பாசடரில் இதைத் தனியே வாங்கிப் பொருத்துவதுண்டு. ஒரு வயர் இக்னிஷன் சுவிட்சுக்கு, ஒன்று எர்த்துக்கு, மற்றொன்று காயிலின் மைனஸ் முனைக்கு. நான்கு சிலிண்டர் என்ஜினில் சுற்றுக்கு இரண்டு தீப்பொறி; மீட்டர் எண்ணுவது இதைத்தான்.

சிலிண்டர் சுவிட்ச் 8-ல் இருந்தால் பாதிதான் காட்டும். 4,000 சுற்று 2,000 ஆகத் தெரியும். அதை நம்பி இறக்கத்தில் மேலும் கியரைக் குறைத்தால் என்ஜின் தாங்காது. வண்டி நிற்கையில், ஐட்லிங்கில் 800 காட்ட வேண்டிய முள் 400-ல் நின்றால் சுவிட்சை 4-க்கு மாற்றுங்கள். முள் துள்ளினால் எர்த் முனையைச் சுரண்டி இறுக்குங்கள். பிறகு புறப்படலாம்.