நோயைத் துணியில் தைத்த ஊர்

கம்பு பயிரிடும் அன்பர்களுக்குத் தேன் ஒழுகல் நோயைப் பற்றிப் புதிதாகக் கூற வேண்டுவதில்லை. கதிரில் தேன்போல் நீர் வடியும். பின்னர் மணி இருக்கவேண்டிய இடத்தில் கரிய கட்டி வளரும். 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து, அதில் விதையை இட்டு, மிதக்கும் கட்டிகளை அகற்றி, விதையை நல்ல நீரில் கழுவி உலர்த்தி விதைப்பது நம் வழக்கம். இதன் நெருங்கிய இனத்துப் பூஞ்சணம் ஒன்று ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தைப் பற்றுவதுண்டு. முற்காலத்தில் அத்தானிய ரொட்டியை உண்டோர்க்குக் கைகால்கள் தீப்பட்டதுபோல் எரிந்து, கருகி வீழ்ந்தன. 'அந்தோனியார் நெருப்பு' என்று அதற்குப் பெயர்.

அந்நோயாளரைப் பேணிய மடம் ஒன்று, இன்றைய பிரான்சின் கிழக்கெல்லையில் ஈசன்ஹைம் என்னும் ஊரில் இருந்தது. அதன் கோயிலுக்காகக் குரூனவால்டு என்னும் ஓவியர் 1512 முதல் 1516 வரையில், பலிபீடத்தின் பின்னே கதவுகள்போல் திறந்து மூடும் பெருஞ் சித்திரம் ஒன்றைத் தீட்டினார். மூடிய நிலையில் சிலுவையில் தொங்கும் ஏசுவைக் காணலாம், மேனியெங்கும் புண்கள். நோயாளர் தம் வேதனையைத் தம் ஆண்டவர் உடலிலேயே கண்டனர்.

ஏறக்குறைய 500 ஆண்டுகட்குப் பின் இச்சித்திரத்தைத் தென்னாப்பிரிக்காவின் பெண்கள் ஊசியாலும் நூலாலும் மீண்டும் படைத்தனர்.

கிழக்குக் கேப் மாகாணத்தில், கைஸ்காமா ஆறு கடலிற் கலக்குமிடத்தில் ஹாம்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. மருத்துவமும் ஓவியமும் பயின்ற கரோல் ஹாஃப்மயர் அம்மையார், 2000ஆம் ஆண்டில், வேலையற்றிருந்த அவ்வூர்ப் பெண்களுக்குப் பூத்தையல் தொழில் ஏற்படுத்தினார். தம் மக்களின் வரலாற்றை அவர்கள் 120 மீட்டர் நீளத் துணியில் தைத்தனர். தையல் தொழிலாகவும் நிலைத்தது. ஆனால் எய்ட்ஸ் நோய் வீடுதோறும் புகுந்திருந்தது. பெயரைச் சொல்லவே அஞ்சிய காலம் அது. அரசினர் இலவச மருந்து வழங்கத் தொடங்கியது 2004இல்தான்.

2005இல் சுமார் 130 பேர் கூடி, ஈசன்ஹைம் சித்திரத்தின் அளவிலேயே, ஏறத்தாழ 4 மீட்டர் உயரமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட பீடச் சித்திரத்தைச் செய்து முடித்தனர். பூத்தையல், துணிமேல் துணி வைத்துத் தைத்தல், பாசிமணி வேலை, கம்பி வேலை யாவும் அதில் உண்டு. ஏசு இருந்த இடத்தில் துக்க உடை அணிந்த கைம்பெண். அவளைச் சூழ்ந்து தாய் தந்தையற்ற குழந்தைகள். புனிதர்களின் இடத்தில் அவ்வூர் மூதாட்டியர் இருவர். கதவைத் திறந்தால் கடலும் மீனும் பறவைகளுமாக உயிர்த்தெழுந்த ஊர். மேலும் திறந்தால், பேரக்குழந்தைகளுடன் நிற்கும் மூன்று பாட்டிமாரின் புகைப்படங்கள். பெற்றோர் போனபின் பிள்ளைகளை வளர்த்தவர்கள் பாட்டிகளே.

இவ்வேலையில் என் மனத்தைக் கவர்ந்தது அழகு மட்டுமன்று. 'எனக்கு இந்நோய் உண்டு' என்று ஒருத்தி தனித்து நின்று சொல்ல வேண்டியதில்லாமற் போயிற்று. 130 பேரின் கைகள் தைத்த கைம்பெண் எவளுடைய வீட்டுக்காரி என்று யார் கேட்பது? நம் தறிக்காரர் இதை எளிதில் உணர்வர். சாயம் தோய்த்தவர், பாவு ஓட்டியவர், தறியில் அமர்ந்தவர் என்று பலர் கை பட்ட சேலையில் எவர் கை எங்கே என்று பிரித்துக் காட்ட இயலுமா?

தையல் நோயைத் தீர்க்கவில்லை. அப்படிக் கூறுவது தவறு. மருந்தும் வேண்டியிருந்தது. ஹாஃப்மயர் அம்மையார் அவ்வூரிலேயே சிகிச்சை நிலையமும் அமைத்தார். நாள் தவறாமல் ஆயுள் முழுதும் மாத்திரை உண்டால், இன்று இந்நோயுடன் நெடுநாள் வாழலாம். பீடச் சித்திரமோ கடல் கடந்து சென்றது. 2006இல் கனடாவின் டொராண்டோ நகரில் அகில உலக எய்ட்ஸ் மாநாடு கூடியபோது அங்கு ஒரு தேவாலயத்தில் நின்றது.

ஆயினும் துயரம் முடிந்துவிடவில்லை. 2010இல் அதே பெண்கள், பிக்காசோ 1937இல் தீட்டிய 'குவெர்னிகா' என்னும் போர்க்கொடுமைச் சித்திரத்தைப் பின்பற்றி மற்றொன்று செய்தனர். அதில் நம்பிக்கையைவிடக் கோபமே மிகுதி. பொன்னிறப் பறவைகள் இல்லை. பளபளக்கும் நூலும் இல்லை. வியாபாரி எவரும் விலை கேட்கமாட்டாத பழம் போர்வைகளையும், உடுத்துக் கழித்த துணிகளையும், துருப்பிடித்த கம்பியையும் கொண்டு அதைத் தைத்திருக்கிறார்கள்.