பெயரொன்று, கல் இரண்டு

சீன தேசத்தார் பொன்னினும் மேலாகப் போற்றிவந்த ஜேடு என்னும் கல், உண்மையில் ஒரு கல்லன்று, வெவ்வேறான இரண்டு தாதுப்பொருள்களுக்கு வழங்கிவந்த பொதுப்பெயரே என்பதை, 1863-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தாதுவியல் அறிஞராகிய அலெக்சிஸ் தாமூர் பர்மாவிலிருந்து வந்த கல்லை ரசாயன முறையில் பகுத்துப் பார்த்து ஸ்தாபித்தார். கோத்தான் நகரருகே ஓடும் ஆறுகளின் படுகையில் திரட்டப்பட்டு, சீனத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கப்பட்டுவந்த பழைய ஜேடு நெப்ரைட்டு. கால்சியமும் மக்னீசியமும் சிலிகாவோடு கூடிய அது, இரும்பின் அளவுக்கேற்ப வெண்மையாகவோ பசுமையாகவோ தோன்றும். ஷாஜஹானுக்காக 1657-இல் செதுக்கப்பட்டு, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ள வெள்ளை மதுக்கிண்ணமும் இவ்வகையே. பர்மாவின் காச்சின் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் சீனத்துக்கு மிகுதியாக வரத்தொடங்கிய ஜேடைட்டோ, சோடியமும் அலுமினியமும் கொண்டது. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம் பிறக்கிறது.

நிறத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முற்படுவது வீண். பேனாக்கத்தியால் கீறிப் பார்க்கும் பழக்கமும் பயன்தராது; ஏனெனில் இரண்டுமே எஃகின் கீறலுக்கு மசியாதவை, ஜேடு என்று விற்கப்படும் மெதுவான பாம்புக்கல்லை விலக்குவதற்கு மட்டுமே அது உதவும்.

நம்பத்தக்க சாட்சி எடைதான். நூறு கிராம் கல்லை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால், ஜேடைட்டு ஏறக்குறைய முப்பது கிராமையும், நெப்ரைட்டு ஏறக்குறைய முப்பத்துநான்கு கிராமையும் இழந்ததாகத் தோன்றும். ஆர்க்கிமிடீஸின் விதிப்படி அவற்றின் அடர்த்தி முறையே 3.34, 2.95 என்பதே இதன் பொருள். தராசுகூட இல்லாமல், 3.32 அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடு திரவத்தில் இட்டால், நெப்ரைட்டு மிதக்கும். ஜேடைட்டு மெல்ல அமிழும், அல்லது நடுவில் தயங்கி நிற்கும்.

மோதிரத்தில் பதித்த கல்லை நிறுக்க இயலாது. அதற்கு ஒளிவிலகல் மானி உண்டு, ஜேடைட்டுக்கு 1.66 என்றும், நெப்ரைட்டுக்கு 1.61 என்றும் காட்டும். நிறமாலை காட்டியில் 437 நானோமீட்டர் அருகே ஒரு கருங்கோடு தென்படுமாயின் ஜேடைட்டு என்பது நிச்சயம்.

கடினம் வேறு, உறுதி வேறு என்பதற்கு இவ்விரண்டைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. கீறலைத் தாங்குவதில் ஜேடைட்டே ஒரு படி மேல். ஆயினும் சம்மட்டி அடியில் உடையாது நிற்பதில் நெப்ரைட்டு அதை விஞ்சிவிடுகிறது. ஜேடைட்டு மணிமணியான ஸ்படிகங்களின் பிணைப்பு; நெப்ரைட்டிலோ, கம்பளியில் மயிரிழைகள் பின்னிக் கிடப்பதுபோல, நுண்ணிய நார்கள் திசைதெரியாமல் சிக்குண்டிருப்பதால், விரிசல் ஓடிச்செல்ல நேர்வழியே அமைவதில்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் வாச்சிக்கும் போர்க்கருவிக்கும் அதைத் தேர்ந்தெடுத்தது விவேகமே. சந்தையில் பெருவிலை பெறுவது என்னவோ ஜேடைட்டுதான்!

அந்த விலையே புதிய வஞ்சனைக்கும் காரணமாயிற்று. மாசுள்ள ஜேடைட்டை அமிலத்தில் வெளுத்து, அதன் நுண்துளைகளில் செயற்கைப் பிசினைப் புகட்டிவிடுகிறார்கள். எடையும் ஒளிவிலகலும் பெரும்பாலும் மாறாமையால், அகச்சிவப்புக் கதிர்களைச் செலுத்திப் பிசினுக்குரிய அடையாளம் தென்படுகிறதா என்று பார்த்தே ஆய்வுக்கூடங்கள் அத்தகைய கல்லை இனங்காண்கின்றன.