காலில்லாமல் குழாய் ஏறும் ரோபோ

ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் ஸ்வென்டென்டார்ஃப் என்றொரு அணுமின் நிலையம் இருக்கிறது. கட்டி முடித்த கையோடு 1978இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள்கூட ஓடாத நிலையம். அதனால் உள்ளே கதிர்வீச்சு அபாயமும் இல்லை. சோதனைக்கு இதைவிட வாகான இடம் ஏது? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் தங்கள் பாம்பு ரோபோவை அங்கே கொண்டுபோய்க் குழாய்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள்.

நீளம் சுமார் 94 செ.மீ., தடிமன் 5 செ.மீ. மொத்தம் 16 மூட்டுகள். ஒரு மூட்டு இடவலமாக மடங்கினால் அடுத்தது மேலும் கீழுமாக மடங்கும். தலையில் கேமராவும் விளக்கும். வாலில் மின்சாரமும் கட்டளையும் வரும் கேபிள்.

16 மோட்டார்களையும் ஒரு ஆள் தனித்தனியாக இயக்க முடியாது. அதனால் எல்லா மூட்டுக்கும் ஒரே அசைவு. ஆனால் முன் மூட்டு அசைந்து சற்று நேரம் கழித்துத்தான் அடுத்தது அசையும். உதறிய கயிற்றில் ஓடுவதுபோல் உடம்பு முழுக்க ஓர் அலை ஓடும். அலை எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம்: இயக்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். பாம்பின் நெளிவைக் கணக்காக்கி, 1972இல் டோக்கியோவில் முதல் பாம்பு ரோபோவை ஓடவைத்தவர் ஷிகெயோ ஹிரோசே.

நெளிந்தால் மட்டும் நகர்ந்துவிடாது. வழவழப்பான கண்ணாடிமேல் நிஜப் பாம்பே திணறும். அதன் அடிவயிற்றுச் செதில்கள் முன்னோக்கிச் சுலபமாக வழுக்கும், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். அந்த வித்தியாசம்தான் பாம்பைத் தள்ளுகிறது. ஹிரோசே செதிலுக்குப் பதில் குட்டிச் சக்கரங்களை மாட்டினார். கார்னகி மெலன் ரோபோவுக்கு அதுவும் கிடையாது.

குழாய்க்குள் அதற்குச் சுவரே கால். உடம்பை ஸ்பிரிங்போலச் சுருட்டிச் சுவரில் அழுத்திக்கொள்ளும். பிறகு அந்த வடிவம் குலையாமல், தன் அச்சிலேயே உருளும். உருள உருள மேலே ஏறும். கம்பத்தின் வெளிப்புறமும் இதே வித்தைதான், அழுத்தம் மட்டும் உள்நோக்கி. இறுக்கம் குறைந்தால் வழுக்கி விழும். கூடினால் மோட்டார் சூடேறும்.

உடம்பு உருண்டால் கேமராவும் உருளுமே, பார்ப்பவருக்குத் தலை சுற்றாதா? புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று ஓர் உணரி சொல்ல, மென்பொருள் படத்தை நிமிர்த்திக் காட்டிவிடும். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். தொல்லை கேபிளில். ஒவ்வொரு வளைவிலும் அது உராயும். உள்ளே போகப் போக இழுவை கூடிக்கொண்டே போகும்.

2017 செப்டம்பரில் மெக்சிகோ நகர நிலநடுக்கத்துக்குப் பிறகு, இடிந்த கட்டடம் ஒன்றுக்குள் இதே குழுவின் ரோபோ இறங்கியது. உயிரோடு யாரையும் அது காணவில்லை. இடிபாடு என்பது குழாய் அல்ல. ஒரு சாண் தாண்டினால் அகலம் மாறிவிடும், ஒரே அலை எடுபடாது. நார்வே ஆய்வாளர்கள் இதற்கு வேறு வழி பார்க்கிறார்கள். உடம்பில் தொடு உணரிகள் வைத்து, எங்கே எது இடிக்கிறதோ அதையே உதைத்து முன்னேறச் செய்கிறார்கள். ஒரு கல்லை உதைத்த பிறகு அடுத்த கல் எட்டவில்லையென்றால், அந்த இடத்திலேயே நெளிந்துகொண்டிருக்கும்.