காலையில் சளி, மதியம் மாத்திரை

காசநோய்க்கு மருந்து இருக்கிறது. மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். அப்படியிருந்தும் 2023-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் இருப்பதே தெரியாமல் போனவர்களும் காலங்கடந்து தெரிந்துகொண்டவர்களும் இவர்களில் உண்டு.

இரண்டு வாரமாக இருமல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் வருகிறார். சளியை டப்பாவில் வாங்கி, பரிசோதனைக் கருவி இருக்கும் ஊருக்கு அனுப்புகிறார்கள். “நாலு நாள் கழிச்சு வந்து பாருங்க.” அவர் தினக்கூலி, மறுபடி வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இருமல் சற்றுத் தணிந்தால் வரவே மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘பாசிட்டிவ்’ என்ற முடிவு பதிவேட்டில் கிடக்கும். அவர் ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்து இருமிக்கொண்டிருப்பார்.

மைக்ரோஸ்கோப் பரிசோதனை பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட்டை 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும். ஆனால் தடையற்ற மின்சாரமும் சூடேறாத அறையும் கேட்கும். சின்ன கிளினிக்குக்கு அது எட்டவில்லை.

கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் கருவியோ பேட்டரியில் ஓடும், ஏ.சி. வேண்டாம். கரைசல் ஊற்றி நீர்க்கவைத்த சளியிலிருந்து ஒரு பெட்டி டிஎன்ஏவைப் பிரித்துத் தரும். அதில் வெறும் 6 மைக்ரோலிட்டரை லேப் டெக்னீஷியன் எடுத்து, பரிசோதனைக்கான வேதித்தூளோடு கலந்து, சின்னஞ்சிறு சிப்பில் விடுகிறார். சுமார் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நோய் உறுதியானால், மிச்சமுள்ள டிஎன்ஏவை இன்னொரு சிப்பில் விட்டு, ரிஃபாம்பிசின் மருந்து எடுபடுமா என்றும் பார்க்கலாம்.

டான்சானியா, மொசாம்பிக் கிளினிக்குகளில் ட்ரூநாட்டை வைத்து, அன்றைக்கே மருந்து தொடங்கவும் ஏற்பாடு செய்து ஆராய்ந்தார்கள். சளியை வெளியே அனுப்பிய கிளினிக்குகளைவிட இங்கே கூடுதலானோர் ஏழு நாளுக்குள் சிகிச்சையில் சேர்ந்தார்கள். கருவியோடு அந்த ஏற்பாடும் சேர்ந்ததுதான் முக்கியம் என்பேன்.

சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. சிகிச்சை அன்றே வீடு தேடி வந்துவிட்டது. நல்ல பரிசோதனைதான் இன்னும் பல இடங்களில் தொலைவில் இருக்கிறது. கருவி வந்த ஊரிலும் சிப் தீர்ந்தால், டெக்னீஷியன் லீவில் போனால், சளி டப்பா மறுபடி பஸ் ஏறும். கருவி வாங்கும்போதே சிப்புக்கும் மாற்று ஆளுக்கும் மாத்திரை இருப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.