ஒரு கையொப்பத்தின் விலை

1968ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதி நாள்கள். செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் மலைக்காடொன்றில் இளம் பெண்மணி ஒருவர் மரக்கிளையைப் பற்றி ஊசலாடுகிறார். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கி இறக்குகிறார். உள்ளங்கையின் உறுதி குன்றாதிருக்க மண்வாரி கொண்டு நிலக்கரியை அள்ளுகிறார். இவர் யார்? நான்கு ஆண்டுகளுக்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா! அடுத்த ஒலிம்பிக் தொடங்க இரண்டு திங்களுக்கும் குறைவான காலமே எஞ்சியிருக்க, அவர் காட்டில் மறைந்து வாழ நேர்ந்தது ஏன்?

வேரா 1942ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பிராக் நகரில் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோது பாலே நடனமும் பனித்தரைச் சறுக்கு நடனமும் பயின்றார். பின்னர், புகழ்பெற்ற வீராங்கனை ஏவா போசாகோவாவின் வழிகாட்டுதலால் ஜிம்னாஸ்டிக் கலைக்கு வந்தார். அக்கலை எளிதன்று. 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள கட்டையின் மீது ஓடவும் துள்ளவும் சுழலவும் வேண்டும். இமைப்பொழுது கவனம் சிதறினும் வீழ்ச்சிதான். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் குழுவினருடன் வெள்ளி வென்ற வேரா, 1964இல் டோக்கியோவில் ஒட்டுமொத்தப் போட்டியிலும், குதிரைத் தாண்டலிலும், சமநிலைக் கட்டையிலும் தங்கம் வென்றார். 1965, 1967 ஆகிய இரு ஐரோப்பியப் போட்டிகளிலும் தனிநபர் தங்கங்கள் ஐந்தையும் அவரே பெற்றார்.

1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நாட்டில் புதுக் காற்று வீசிற்று. கம்யூனிஸ்டுத் தலைவர் டூப்செக் பேச்சுரிமைக்கும் எழுத்துரிமைக்கும் கதவு திறந்தார். அச்சீர்திருத்தங்கள் தொடர வேண்டுமென வலியுறுத்தி, ‘இரண்டாயிரம் சொற்கள்’ என்னும் அறிக்கை ஜூன் திங்களில் வெளிவந்தது. அதில் வேராவும் கையொப்பமிட்டார். ஆகஸ்டு 20ஆம் நாள் இரவு சோவியத் படைகளும் அதன் நேச நாட்டுப் படைகளும் டாங்கிகளுடன் நாட்டுக்குள் புகுந்தன. கையொப்பமிட்டோர் கைதாகலாம் என்ற அச்சம் எழவே, அவர் மலைப்பகுதியில் ஒளிந்தார். ஆயினும் பயிற்சியைக் கைவிட்டாரில்லை. காடே அவருக்குப் பயிற்சிக்கூடமாயிற்று!

இறுதி நேரத்தில் மெக்சிக்கோ செல்ல இசைவு கிடைத்தது. அங்கே மெக்சிக்கோ நாட்டு மக்களின் நடன இசைக்கேற்ப அவர் தரைப்பயிற்சி செய்தபோது, அரங்கமே ஆர்ப்பரித்தது. நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் அவருக்குக் கிடைத்தன. டோக்கியோவிலும் மெக்சிக்கோவிலும் பெற்றவற்றைச் சேர்த்தால், பெண்களுக்கான தனிநபர் பிரிவுகள் அனைத்திலும் ஒலிம்பிக் தங்கம் கண்ட பெருமை அவருடையது.

ஆனால் உலகம் இன்றும் நினைவுகூர்வது வேறொரு காட்சியை. சமநிலைக் கட்டையில் தங்கம் சோவியத் வீராங்கனைக்குச் சென்றது. தரைப்பயிற்சியிலோ, மற்றொரு சோவியத் வீராங்கனையின் மதிப்பெண் பின்னர் உயர்த்தப்பட, தங்கம் இருவருக்கும் பொதுவாயிற்று. இருமுறையும் சோவியத் நாட்டுப் பண் ஒலித்தபோது, மேடையில் நின்ற வேரா தலையைத் தாழ்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். கூச்சலில்லை, வசைச் சொல்லில்லை. எனினும் அந்த மௌனம் உலகெங்கும் கேட்டது.

தம் போட்டிகள் முடிந்ததும், டோக்கியோவில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற யோசேப் ஓட்லோசிலை அவர் மணந்தார். மெக்சிக்கோ நகரப் பேராலயத்தில் நடந்த அத்திருமணத்தைக் காண மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். நாடு திரும்பியவர் தம் நான்கு தங்கப் பதக்கங்களையும் டூப்செக் உள்ளிட்ட நான்கு தலைவர்களுக்கு அளித்தார்.

பின்னர்தான் விலை கேட்கப்பட்டது. கையொப்பத்தைத் திரும்பப் பெறுமாறு அதிகாரிகள் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினர். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பதவியும் வசதியும் தேடி வந்திருக்கும். வேரா மறுத்தார். 26 வயதிலேயே அவரது போட்டி வாழ்வு முடிந்தது. வெளிநாட்டுப் பயணம் தடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் தகுந்த வேலை மறுக்கப்பட்டது. 1979இல்தான் பயிற்சியாளராக மெக்சிக்கோ செல்ல முடிந்தது.

1989இல் ஆட்சி மாறியது. குடியரசுத் தலைவர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அவரைத் தம் ஆலோசகராக்கினார். நாட்டின் ஒலிம்பிக் குழுவின் தலைமையும் அவரைத் தேடி வந்தது. ஆயினும் துன்பம் அவரை விட்டபாடில்லை. 1993இல் குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரம் அவரைப் பல ஆண்டுகள் மனச்சோர்வில் ஆழ்த்தியது. அதிலிருந்தும் மீண்டெழுந்து மக்கள் நடுவே வந்தார். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

பெற்றோரே! நம் பிள்ளைகள் முதற்பரிசு பெறவேண்டும் என ஆசைப்படுகிறோம்; நல்ல ஆசைதான். வீட்டில் அவர்களுக்கு வேராவின் கதையைச் சொல்லும்போது, பதக்கங்களின் எண்ணிக்கையோடு நிறுத்திவிட வேண்டாம். ஒரு தாளில் இட்ட பெயரை அழிக்க மறுத்து, இருபது ஆண்டுகள் அதற்கு விலை கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சமநிலைக் கட்டையில் நின்ற அதே உறுதியோடு, அவர் வாழ்விலும் நின்றார்!