கூடத்து ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிபையர்

தூண்போல் உயர்ந்து நிற்கும் இரு டவர் ஸ்பீக்கர்களை வாங்கிக் கூடத்தில் நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இயக்க ஓர் ஆம்ப்ளிபையர் வேண்டும். பாட்டு மட்டுமன்றி டெலிவிஷனின் ஒலியும் அவற்றின் வழியே வர வேண்டும். கடைக்குச் சென்றால் நமக்கு முதலில் காட்டப்படுவது வாட் கணக்கே. பெட்டியின்மேல் ஆயிரம், ஈராயிரம் என்று கண்டு மயங்குதல் எளிது. ‘பி.எம்.பி.ஓ.’ என்னும் குறியோடு வரும் எண்ணை நாம் அடியோடு ஒதுக்கிவிடலாம். தயாரிப்போர் தத்தம் விருப்பம்போல் வகுத்துக்கொண்ட கணக்கு அது. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்து, எத்தனை ஓம் சுமைக்கு, எவ்வளவு சிதைவோடு என்பதையும் உடன் கூறும் எண்ணே கருதத்தக்கது.

அப்படியாயின் எத்தனை வாட் வேண்டும்? இதற்கு விடையை ஸ்பீக்கரின் குறிப்பேட்டில் தேட வேண்டும். அதில் உணர்திறன் என்று ஓர் எண் இருக்கும். 88 டெசிபல் என்றிருந்தால், ஒரு வாட் மின்திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் அவ்வளவு ஒலி எழும் என்பது பொருள். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து கச்சேரி கேட்கும் நமக்குச் சராசரியாகக் கால் வாட்டே போதும். வியப்பாக இருக்கிறதன்றோ? ஆயினும், மிருதங்கத்தில் விழும் ஓங்கிய அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலெழக்கூடும். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு மின்திறன். கால் வாட் அக்கணத்தில் 25 வாட் ஆகிறது. அதைத் தர இயலாத ஆம்ப்ளிபையர் ஒலியலையின் முகட்டை வெட்டிவிடுகிறது. ஓசை கரகரப்பதோடு நில்லாது, வெட்டுண்ட அலையில் உயர்ந்த அதிர்வுகள் மிகுந்து, ட்வீட்டர் என்னும் மெல்லிய சிறு ஸ்பீக்கர் எரிந்துபோகவும் கூடும். சிறிய ஆம்ப்ளிபையர் ஸ்பீக்கருக்குத் தீங்கு செய்யாது என்று பலர் நம்புகின்றனர். அதை எல்லைவரை முடுக்கினால் தீங்கே விளையும்.

ஆகவே மெய்யான 50 வாட் உள்ளது நடுத்தரக் கூடத்துக்குப் போதுமானது. கூடுதல் விலை கொடுத்து 100 வாட் வாங்கினாலும் நாம் பெறுவது 3 டெசிபலே. ஓசை இருமடங்காய்க் காதுக்குத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும். ஸ்பீக்கரின் உணர்திறன் 85 ஆக இருப்பின் மட்டும் அந்த 100 வாட்டுக்கு நியாயம் உண்டு. ஸ்பீக்கர் 8 ஓம் என்று எழுதப்பட்டிருந்தாலும் சில அதிர்வெண்களில் 4 ஓம் அளவுக்கு இறங்குவது வழக்கம். 4 ஓம் சுமையைத் தாங்கும் ஆம்ப்ளிபையரா என்று கேட்டறிதல் நலம்.

இனி டெலிவிஷன். இரண்டே ஸ்பீக்கர்கள் வைத்திருப்போருக்கு ஐந்து, ஏழு தடங்கள் கொண்ட ரிசீவர் வீண்செலவு என்பது நம் கருத்து. எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்ற துளை உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் கிடைத்தால் அதையே கொள்ளலாம். 2009-ல் வகுக்கப்பட்ட இம்முறையில் டெலிவிஷனின் ரிமோட்டைக் கொண்டே ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆப்டிகல் கம்பியாலும் இணைக்கலாம். ஆனால் ஒலிக்கு வேறொரு ரிமோட் பெரும்பாலும் தேவைப்படும். முதியவர்கள் உள்ள வீட்டில் இது சிறிய தொல்லையன்று. எவ்வழியாயினும், டெலிவிஷனின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லையேல், டால்பி வடிவில் வரும் ஒலியைப் பிரித்தறிய மாட்டாமல் ஆம்ப்ளிபையர் ஊமையாகிவிடலாம். புதுக்கருவி பழுதென்று அதைக் கடைக்குத் திரும்பச் சுமந்து செல்லுமுன் இந்த அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுக.